முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங்

எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு டியூனிங் என்றால் அப்பாவும் நானும்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த 1489 சிசி இன்ஜின். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அதனாலேயே எனக்கு இந்த வண்டி மேல் இவ்வளவு பிரியம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டாரை எடுத்தால் பாயிண்ட், அதாவது திறந்து மூடும் இரண்டு முனைகள், தெரியும். ஒரு முனையில் சின்னப் பரு, எதிர்முனையில் அதே அளவுக்குக் குழி. நைஸ் எமரித் தாளால் பருவைத் தேய்த்து மட்டமாக்கணும். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுசாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, 0.38 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்கணும். லேசாக உரசிக்கொண்டு வந்தால் சரி.

இந்த இடைவெளி கூடினால் ஸ்பார்க் முன்னாலேயே விழும், குறைந்தால் தாமதமாகும். பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால், வரிசையை மாற்றி டைமிங்கை முதலில் வைத்தால் வேலை வீண்.

டைமிங்குக்கு ஒரு 12 வோல்ட் பல்பு போதும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே அதைக் கொடுத்து, இக்னிஷனைப் போட்டு, புல்லிக் குறியைச் சேர்த்து வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பணும். பல்பு எரியும் அந்தக் கணம்தான் ஸ்பார்க். அங்கேயே கிளாம்ப்பை இறுக்கிவிடலாம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, டைமிங்கின் டிகிரிக் கணக்கை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலைப் பார்த்தே வையுங்கள்.