எங்கள் குழுவுக்கு பேஸ் யார்?

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றால், உன் குழுவில் பேஸ் யார்? மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் நாங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பு, ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் மெல்லிசைக் கச்சேரி, நடுநடுவே கல்யாண வரவேற்பு. ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் தயாராக இருக்கும். ஸ்டீவ் ஹாரிஸ் என்பார் ஒருவர். அவருடைய ஐயன் மெய்டன் குழு 2007இல் பெங்களூருக்கு வந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு இங்கே மவுசு அதிகம். கிளிஃப் பர்ட்டன் என்பார் இன்னொருவர். ஃப்ளீ, ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் விரல் வேகத்துக்காகச் சொல்லப்படும் பெயர்கள்.

எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. பேஸ் வாசிப்பவரைக் குழுவிலிருந்து தனியாக உருவி எடுத்துத் தரம் பார்க்க முடியாது. டிரம்ஸ் யார், பாடுவது யார் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் பேஸைப் பற்றிப் பேசலாம்.

‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலையே எடுத்துக்கொள்வோம். 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் வழக்கமாக கிட்டார் தனி ஆவர்த்தனம் வரவேண்டிய இடத்தில் பேஸ் வரும். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அவர் அப்படி வாசிக்க முடிந்ததற்குக் காரணம் மற்ற இருவர். பீட் டவுன்ஷெண்ட் கிட்டாரில் தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீத் மூன் டிரம்ஸில் அடக்கமில்லாமல் எங்கும் பாய்ந்தார். நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் என்ட்விசில் புகுந்தார். அவரைக் கொண்டுவந்து பறையும் தவிலும் இருக்கும் எங்கள் மேடையில் நிறுத்தினால் ஒரே நெரிசலாகிவிடும்.

பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கதை வேறு. 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவை விட்டுப் போனதும், பேஸைக் கையில் எடுக்க மற்றவர்களுக்கு மனமில்லாததால் அது மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. எங்கள் பக்கமும் அதுதான் வழக்கம். மூன்று பேர் கிட்டார் கற்றுக்கொண்டு வந்தால், அதில் கொஞ்சம் சுமாரான பையனிடம், ‘நீ பேஸ் எடுத்துக்கோடா’ என்பார்கள். மெக்கார்ட்னி பாடகர், பாட்டுக் கட்டுபவர். அதனால் அவர் பேஸும் தனியாக ஒரு பாட்டுப் பாடும். இனிமையான வாசிப்பு. ஆனால் கீழே ஒரு பாட்டு ஓடும்போது மேலே பாடுபவர் அதற்கு இசைந்து பாட வேண்டும். எங்கள் பாடகர் அப்படிப்பட்டவர் இல்லை.

எங்கள் கனவுக் குழு இதுதான்: பாடுவது கானா பாடகர். தாளத்துக்கு ஒரு பறை, ஒரு டிரம்ஸ் செட். ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். வடசென்னையில் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோதே கானாவும் பறையும் ராக்கும் ஒன்றாக நின்றன. கானா பாடகர் வரியைத் தன் இஷ்டத்துக்கு இழுப்பார். கூட்டம் விசில் அடித்தால் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்பார். அவருக்குப் பின்னால் வாசிப்பவருக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

பேஸ் வாசிப்பில் காத்திருப்பது என்றால் என்ன? ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது என்பதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எப்போது நிறுத்துவது என்பதுதான் லேசில் வராது. டிரம்ஸில் கிக் விழும்போது தந்தியைத் தட்டுகிறோம். அடுத்து ஸ்னேர் விழும் கணத்தில் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி ஒலியை அமர்த்திவிட்டால் ஸ்னேர் ‘பளார்’ என்று தனித்துக் கேட்கும். அமர்த்தாமல் ஓடவிட்டால் அதே ஸ்னேர் மந்தமாகிவிடும். டிரம்மர் அடித்தது ஒன்றுதான், மாறியது பேஸ். அவர் நன்றாக வாசித்தார் என்று ஊர் சொன்னால் அதில் பாதிப் பெயர் நமக்கும் சேர வேண்டியது. ஆனால் கிடைக்காது.

இரண்டாவது விஷயம் மேடை. எங்கள் பக்கத்து மேடைகளில் எர்த் சரியாக இருப்பது அபூர்வம். ஆம்ப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ‘ஜி’ 49. அனல்மின் நிலையத்துப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, அந்த இரைச்சல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சுருதி ஏறிய ‘ஜி’யாகத்தான் காதில் விழுகிறது. அந்தச் சுருதியில் பாட்டு இருந்தால் தொல்லை இரட்டிப்பு. ஃபெண்டர் ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப் உண்டு. இரண்டின் வால்யூமையும் முழுக்கத் திறந்து வைத்தால் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துப்போகும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். அதனால் இங்கே வாசிப்பவருக்குக் குமிழைத் திருகித் தொனி தேடும் வசதி இல்லை. தொனியை விரலிலேயே தேட வேண்டும். போதாக்குறைக்கு தெருக் கச்சேரிகளில் பாதிக் கூட்டம் கூம்பு ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கும். தடித்த தந்தியின் அடி ஒலி 41 சுழற்சி. கூம்பு அதை வெளியே விடவே விடாது. மேல்நாதங்கள் தெளிவாக இருந்தால் காது அடி ஒலியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். சுத்தமாக அழுத்தி, தெளிவாகத் தட்டுகிறவரின் பேஸ் தெருக்கோடி வரை போகும். இழைக்கிறவரின் பேஸ் மேடையைத் தாண்டாது.

இத்தனையும் சொல்லிவிட்டு என் ஆளைச் சொல்கிறேன்: லெட் ஜெப்லின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ்.

1946இல் பிறந்தவர். விடலைப் பருவத்திலேயே தன் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். எங்கள் பக்கத்து பேஸ்காரர்களில் பெரும்பாலோர் சபையில் கீபோர்டும் பாடகர் குழுவும் வழியாக வந்தவர்கள் என்பதால் அந்தப் பாதை எங்களுக்குப் பழக்கம். 1968இல் லெட் ஜெப்லின் தொடங்கும் முன் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் யார் யாருக்கோ வாசித்தும் இசை ஒழுங்கு செய்தும் பிழைத்தார். கோடம்பாக்கத்துக் கலைஞர் மாதிரி, காலையில் ஒரு பாட்டு, மதியம் வேறொன்று. அதனால் குழு முழுவதையும் மனத்தில் வைத்து வாசிக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கையில் ஃபெண்டர் ஜாஸ் பேஸ்.

அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு பாட்டு போதும். 1971இல் வந்த ‘பிளாக் டாக்’. அதன் முக்கிய வாத்திய வரி ஜோன்ஸ் கட்டியது. ராபர்ட் பிளாண்ட் தனியாக ஒரு வரி பாடுவார், வாத்தியம் எதுவும் இருக்காது. அவர் முடித்ததும் குழு முழுவதும் இறங்கும். மறுபடி நிறுத்தம், மறுபடி பாட்டு. கானா பாடகருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு கிடையாது. இழுக்கிறவர் இழுக்கட்டும், கூட்டம் விசிலடிக்கட்டும், நாங்கள் எடுப்புக்குக் காத்திருக்கிறோம்.

அந்த வரியில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜான் பானம் டிரம்ஸில் நேராகப் போவார். ஜோன்ஸின் வரி தாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கும்போது சமத்தில் வந்து சேரும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது புதிதில்லை. பறை நேரடி அடியில் நிற்க, பேஸ் அதைச் சுற்றி வந்து சேர்ந்தால் வடசென்னைக் கூட்டம் எந்த இடத்தில் ஆர்ப்பரிக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

‘நம்ம ஆளுங்க இல்லையா?’ என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். இருக்கிறார்கள். இளையராஜா குழுவில் சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். தமிழர்களுக்கு பேஸ் என்ற வாத்தியத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே ராஜாவின் பாடல்கள்தான். பாட்டை முணுமுணுக்கும்போது பேஸ் வரியையும் சேர்த்து முணுமுணுக்கிற ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் ராஜா பேஸ் வரியையும் தானே எழுதித் தருபவர். சசிதரனை அழைத்தால் கூடவே ராஜாவையும் அழைக்க வேண்டும். அப்புறம் அது எங்கள் குழுவாக இருக்காது. எழுதிக் கொடுக்க யாருமில்லாத மேடையில், வாசிக்கிற கையே எழுதவும் வேண்டும். ஜோன்ஸ் பக்கம் நான் சாய்வது அதனால்தான்.

அவர் மீஞ்சூருக்கு வரப்போவதில்லை. வேறு ஆள் தேடுகிறவர்களுக்கு என் யோசனை: வருகிற பையனைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். டிரம்மரோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், ஒரே தாளம், இரண்டே சுரம். கிட்டார்காரரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, ‘இவனே இருக்கட்டும்’ என்று டிரம்மர் சொன்னால் பேச்சு முடிந்தது. வேகமாக வாசிக்கத் தெரியுமா என்பதைக் கிட்டார்காரர் திரும்பி வந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.