டிரங்குப் பெட்டியில் இருந்த கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஏதேனும் இருக்குமாயின், அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பாப்பாரப்பட்டியில் எங்கள் பூர்வீக வீட்டை அண்மையில் ஒழித்தபோது, மர்ஹூம் அத்தாவின் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு அடியில், எட்டுக் கம்ப்யூட்டர் இதழ்கள் கிடைத்தன. ஒழிக்க வந்தவன் அன்று மாலைவரை தரையில் அமர்ந்து அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தியாகி சுப்பிரமணிய சிவா இறுதிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஊர் என்ற அளவில் பாப்பாரப்பட்டியைப் பலர் அறிவீர்கள். 1988-ஆம் ஆண்டில் அவ்வூரில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நானும் என் தங்கையும் கண்டதில்லை. ஆயினும் இதழ்கள் வந்து சேர்ந்தன. குவைத்திலிருந்த எங்கள் மாமா அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு விடுப்பில் வந்தபோது, அத்தர் புட்டிகளோடும் போர்வையோடும் இந்தக் கட்டையும் கொண்டு வந்தார். தம் அறையில் 'ஸக்ர்' என்றொரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருப்பதாகவும், அடுத்த விடுப்பில் அதை எங்களுக்கே கொண்டு வந்து தருவதாகவும் சொன்னார். "அதற்குள் இதைப் படித்து வையுங்கள்" என்றார்.

ஸக்ர் என்றால் அரபியில் பாறை. குவைத்தைச் சேர்ந்த முஹம்மது அல்-ஷாரிக் என்பார் 1982-இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஜப்பானில் 1983-இல் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொது அமைப்பை எடுத்துக்கொண்டு, அதில் அரபி எழுத்தைப் புகுத்தியிருந்தார்கள். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. டேப் ரிக்கார்டரின் கேசட்டே அதற்கு நினைவுப் பேழை.

இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். அக்காலத்துக் கம்ப்யூட்டர் இதழ்களில் பக்கம் பக்கமாகப் புரோகிராம்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய 'பைட்', 1979-இல் தொடங்கிய 'கம்ப்யூட்' போன்றவை முதல் இலண்டன் இதழ்கள் வரை பலவற்றிலும் இவ்வழக்கம் இருந்தது. ஒரு புரோகிராமை ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பக் காகிதத்தைவிட மலிவான வழி அப்போது இல்லை. வாசகர் அதனை வரிவரியாகத் தாமே தட்டச்சுச் செய்துகொள்ள வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் ஓடாது. தட்டியது சரிதானா என்று வரிக்கு வரி சோதித்துச் சொல்லும் குறும் புரோகிராமைக்கூடச் சில இதழ்கள் கொடுத்தன.

எங்களிடமோ தட்டுவதற்கு ஒன்றுமில்லை. சிலேட்டுப் பலகைதான் இருந்தது. தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் தங்கை, அகராதியை வைத்துக்கொண்டு 'இஃப்', 'தென்', 'கோட்டு' முதலிய சொற்களுக்குப் பொருள் கண்டாள். பேசிக் மொழிக்குத் தேவையான ஆங்கிலம் அவ்வளவுதான் என்று அவள்தான் முதலில் சொன்னாள். கணக்கைப் படிப்படியாகப் பிரித்துச் செய்யும் முறைக்கு அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அதை அறியாமலேயே அவள் அதனைச் செய்துகொண்டிருந்தாள்.

ஓர் இதழில் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை நீங்கள் மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் முதலில் ஐம்பதா என்று கேட்கும். பெரிது என்றால் எழுபத்தைந்து. சிறிது என்றால் இருபத்தைந்து. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் ஏழு கேள்விக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும். எங்கள் திண்ணையில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருக்க, தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து என் தங்கை இதனை ஆடினாள். அவளே கம்ப்யூட்டர். மடியில் சிலேட்டு. புரோகிராமில் உள்ளபடி மட்டுமே கேட்பாள். தன் யோசனையைக் கலக்கமாட்டாள்.

ஒருநாள் ஒரு பொடியன் நூறை நினைத்துவிட்டான். ஐம்பது, எழுபத்தைந்து, எண்பத்தேழு என்று ஏறித் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தாள். பெரிது என்றான். மறுபடியும் தொண்ணூற்றொன்பது. பெரிது என்றான். மறுபடியும் தொண்ணூற்றொன்பது! பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரவெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, 60-ஆம் வரியில் ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டார்கள்" என்று காலையில் சொன்னாள். பெரிது என்ற பதில் வந்தால், கேட்ட எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து அல்லவா தேட வேண்டும்? ஓரத்தில் பென்சிலால் கூட்டல் குறியும் ஒன்றும் எழுதினாள். அந்தப் பென்சில் எழுத்து இன்றும் அழியாமலிருக்கிறது.

1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்தினுள் நுழைந்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டார்கள் அல்லவா, அவர்களுள் எங்கள் மாமாவும் ஒருவர். ஒரு கைப்பையோடு வந்திறங்கினார். ஸக்ரைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே ஆண்டில் தங்கை பத்தாவது தேறினாள், அத்தோடு நிறுத்திவிட்டார்கள். காரணத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் 1992-இல் தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில் நடுங்கியபடி கறுப்பு வெள்ளைத் திரையின் முன் அமர்ந்த முதல் வாரத்தில், இந்த விளையாட்டைத் தட்டினேன், அவள் திருத்தியபடியே. நூறை நினைத்தேன். ஏழாவது கேள்வியில் நூறு என்று வந்தது. பின்னால் நின்ற ஆசிரியர் இதழை வாங்கிப் பார்த்து, "இந்தத் திருத்தம் யார் போட்டது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

அந்த ஒரு சொல்லால் எனக்குப் பாதிக் கட்டணம் குறைந்தது. அடுத்த ஆண்டு அங்கேயே உதவி ஆசிரியனாக வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை என் பிழைப்பு அந்தத் துறையில்தான். அவ்வாண்டே தங்கைக்கு நிக்காஹ் முடிந்து கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள்.

பிறகு 'தமிழ் கம்ப்யூட்டர்' என்று தமிழிலேயே இதழ் வந்தது. ஆங்கில இதழ்களோடு சி.டி. இலவசமாக வரலாயிற்று, அச்சிட்ட புரோகிராம்களை அது விழுங்கிவிட்டது. தட்டாமலே ஓடுகிறது என்றால் யார் வரிவரியாகப் படிப்பார்கள்? 'கம்ப்யூட்' 1994-இலும் 'பைட்' அச்சிதழ் 1998-இலும் நின்றுபோயின. ஸக்ரை உருவாக்கிய அல்-ஷாரிக் தம் பிற்காலத்தில் பழைய அரபி இதழ்களைத் தேடித் திரட்டி, எவரும் படிக்குமாறு இணையத்தில் ஏற்றி வைத்துவிட்டு 2024-இல் வஃபாத்தானார். கம்ப்யூட்டரை விற்றவருக்குப் பழைய காகிதத்தின் மீது அவ்வளவு பிரியம்!

எட்டு இதழ்களையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். தங்கை இப்போது பேத்தி எடுத்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழாக வாசித்தாள். தன் பென்சில் எழுத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, அப்போது எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்கிறவன் ஆட வந்தால் இது என்ன செய்யும்? அவன் சொல்வதையெல்லாம் நம்பிக்கொண்டு, கேட்டதையே கேட்டுக்கொண்டு கிடக்குமே?"

தருமபுரியில் நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் பேத்தியின் பைக்குள் கைவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.