எத்தனை நாள் நிற்கும்?

"தம்பி, ஒன்பது நாளைக்கு முந்தின ரெக்கார்டிங் வேணும்" என்றார் அந்த மொத்த மளிகைக் கடை அண்ணாச்சி. டிவிஆரில் ப்ளேபேக்கைத் திறந்து நாட்காட்டியைப் பார்த்தேன். ஆறு நாள் மட்டும்தான் நிறம் மாறியிருந்தது. அதற்கு முந்தியதெல்லாம் காலி. கிடங்கில் எண்ணெய் டின்கள் குறைந்ததை, மாத இருப்பு எடுக்கும்போதுதான் அவர் கண்டுபிடித்திருக்கிறார். எட்டு கேமராக்களும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் போதும் என்று சொல்லிப் போட்டவன் நான்தான். "எப்பவும் ஓடிக்கிட்டுத்தானய்யா இருந்துச்சு?" என்றார். அன்று எனக்கு வாய் எழவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் பதினைந்து வருடமாகக் கேமரா மாட்டும் வேலை பார்க்கிறேன். படம் தெளிவாகத் தெரியுமா, இரவில் தெரியுமா, போனில் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். டிவிஆர் என்ற பெட்டியின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு 2 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படம். கேபிள் வழியே வரும் இந்த சிக்னலை டிவிஆர் எண்களாக மாற்றுகிறது. அதை அப்படியே எழுதினால், ஒரே ஒரு கேமராவே ஒரு டெராபைட் டிஸ்கை மூன்றரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். அதனால்தான் சுருக்க வேண்டியிருக்கிறது. 2003இல் வந்த எச்.264 முறையில், முழுப் படம் அவ்வப்போது ஒன்றுதான் எழுதப்படும். இடைப்பட்ட படங்களில் மாறிய பகுதி மட்டும் பதிவாகும். சுவர் அப்படியே நிற்கிறது, ஆள் நடக்கிறார் என்றால், ஆள் நடந்த இடத்துக்குத்தான் செலவு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் கேமரா மாட்டும் விதமே மாறியது. நொடிக்கு இவ்வளவுதான் எழுதலாம் என்று பெட்டிக்கு நாம் ஒரு அளவு வைத்திருக்கிறோம். எதிரே வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு இலையும் 'மாறிய பகுதி'. அந்த அளவில் பெரும்பங்கை இலைகளே தின்றுவிடும். அதே நேரம் கேட்டைத் தாண்டி வருகிறவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினாலும் இதே கதிதான்; இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டு வலை வெள்ளையாக எரியும். ஏணி போட்டு வலையைத் துடைப்பதையும், வீட்டுக்காரரிடம் சொல்லிக் கிளையை வெட்டுவதையும் நான் கேமரா வேலையாகவே கருதுகிறேன். பக்கத்து வீட்டு வாசல் பார்வையில் விழாமல் கேமராவைத் திருப்புவதும் அப்படித்தான்.

இனி கணக்கு. ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 172.8 ஜிபி. ஒரு டெராபைட் முழுதாக ஆறு நாள்கூடத் தாங்காது. டிஸ்க் நிறைந்ததும் பெட்டி யாரையும் கேட்காது. மிகப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும். அண்ணாச்சி கடையில் 30 நாள் நிற்க 5,184 ஜிபி, அதாவது 6 டெராபைட் டிஸ்க் போட்டிருக்க வேண்டும். இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265 முறை உள்ள பெட்டியானால் ஏறக்குறைய அதில் பாதி போதும். இந்தக் கணக்கை நான் இப்போது கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுக்கிறேன். விலை கூடுகிறது என்று வேறு ஆளிடம் போகிறவர்கள் போகட்டும்.

டிஸ்கில் இடம் இருந்தால் மட்டும் போதாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் உயிரிழந்தார்கள். நேரில் போய் விசாரித்த மாஜிஸ்ட்ரேட், உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டிருந்தார். அங்கே ஒரு டெராபைட் டிஸ்கில் போதுமான இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த மெனு எனக்குத் தெரியும். எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று ஓர் எண் போடும் சின்னக் கட்டம் அது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிலிருந்து எந்த வேலை முடித்தாலும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

இன்னொன்று கடிகாரம். டிவிஆர் போர்டில் வட்டமான சிஆர்2032 பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோன பெட்டியில் கரண்ட் போய் வந்தால் தேதி 2000க்கோ 1970க்கோ ஓடிவிடும். பதிவு டிஸ்கில் இருக்கும், தேதி வைத்துத் தேடினால் கிடைக்காது. சில நிமிட வித்தியாசம்கூட, சம்பவ இடத்தில் இல்லாதவனை இருந்தவனாக்கிவிடும். பதிவு எடுத்துக் கொடுக்கும்போது பெட்டியின் நேரத்தையும் போனின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொள்வேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்துக்குப் போகும் பதிவுக்குக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணோடு சான்றிதழும் தர வேண்டும். பழைய சட்டத்தில் இந்தச் சான்றிதழை 65பி என்று சொல்வோம்.

டிவிஆரிலிருந்து கழற்றிய டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பல சமயம் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். திருட்டு என்று தெரிந்ததும் முதலில் வேண்டிய பகுதியைப் பென்டிரைவில் எடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால், மேலே மேலே எழுதாமலிருக்கப் பெட்டியை ஆஃப் செய்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் டிவிஆர் இருந்தால் இன்றைக்கே ப்ளேபேக்கைத் திறந்து பாருங்கள். மிகப் பழைய பதிவு எந்தத் தேதி, திரையில் ஓடும் நேரமும் உங்கள் போன் நேரமும் ஒன்றா என்று பார்த்து, மாட்டிக் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுங்கள்.