மிச்சமிருந்த இரண்டு இரவுகள்

ஜப்பானில் மொத்தம் ஆறு இரவு. மூன்று இரவு கியோத்தோவில். அதற்குப் பணம் கட்டியாகிவிட்டது. காலை விமானத்தைப் பிடிக்கக் கடைசி இரவு ஒசாக்காவில். நடுவில் மிச்சம் இரண்டு இரவு. அந்த இரண்டு இரவுக்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது.

தம்பிக்கு ஒசாக்காதான். “அக்கா, அங்கே ஒரு ராத்திரி எப்படிப் போதும்?” என்றான். அம்மாவுக்கு மலை. தொலைக்காட்சியில் பனிக்கு நடுவே வைக்கோல் கூரை வீடுகளைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே போக, தக்காயாமா என்ற மலை ஊரில் தங்க வேண்டும். “காசு கொடுத்து ஓட்டல்ல சாப்பிடவா அவ்வளவு தூரம் போறோம்?” என்பது அம்மாவின் கேள்வி.

உண்மையைச் சொன்னால், நான் தம்பி பக்கம். ஒசாக்காவை ஜப்பானின் சமையலறை என்பார்கள். எதோ காலத்தில் நிலப்பிரபுக்களின் நெல்லும் அரிசியும் வந்து குவிந்த கிடங்கு நகரம் அது. தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-இலேயே அரசு அனுமதி கிடைத்தது. சாப்பிட்டுச் சாப்பிட்டே சொத்தை அழிப்பதற்கு அந்த ஊரில் தனிச்சொல்லே உண்டு: ‘குயிதாவோரே’. பட்டையில் சுற்றி வரும் சூஷி 1958-இல் ஒசாக்கா வட்டாரத்தில்தான் தொடங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் அள்ளிச் சாப்பிடும் உடனடி மீயும் அதே ஆண்டு அங்கேதான் பிறந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கடையைச் சாத்தும் ஊருக்கா போவது?

முடிவு செய்தது ஊரின் பெருமையல்ல, அம்மாவின் முட்டி. அடுத்த ஆண்டு அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒசாக்காவுக்குக் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. தம்பி நினைத்தால் ஒரு நீண்ட வாரயிறுதியில்கூடப் போய்விடுவான். அம்மா இன்னொரு முறை அந்த மலைக்கு ஏறுவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தம்பியே, “சரி, மலைக்கே போவோம்” என்று எழுந்து கை கழுவப் போனான்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. எங்கள் வழிக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. பெரிய பெட்டிகளைக் கியோத்தோ ஓட்டலிலேயே கொடுத்து ஒசாக்கா ஓட்டலுக்கு அனுப்பிவிடலாம். முட்டி வலிக்காரரோடு ரயில் மாறும்போது அதன் அருமை தெரியும்.

நகோயாவில் ‘ஹிதா’ விரைவு ரயிலில் ஏறினால் எல்லா இருக்கையும் பின்புறம் பார்த்திருக்கிறது. “வண்டி பின்னால போகுது பாரு” என்று அம்மா பதறினார். கிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறியது. அதன்பின் முகம் முன்னால். அப்புறம் இரண்டு மணி நேரம் ஆறும் பாறையும் இலை சிவந்த மரங்களும். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையைப் போல் வளைவுகள் இருக்கும் என்று நினைத்து அம்மா புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார். தேவைப்படவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தக்காயாமாவின் உயரம் கேமரன் மலையில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே பனி கொட்டும், இங்கே கொட்டாது.

அந்த ஊரை 1692-இல் ஷோகன் அரசு தன் நேரடி ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. காரணம் மரமும் கனிமமும். அப்போதைய அதிகாரிகளின் அலுவலகம் ‘ஜின்யா’ இன்னும் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறைகள், அரிசிக் கிடங்கு, விசாரணை அறை எல்லாம் பார்க்கலாம். பழைய தெருவில் கறுத்த மர வீடுகள். சாக்கே காய்ச்சும் வீட்டு வாசலில் தேவதாரு இலையால் செய்த பெரிய உருண்டை தொங்குகிறது. புதுச் சாக்கே வரும்போது பச்சை உருண்டை மாட்டுவார்கள். மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும்.

சாப்பாடுதான் சிக்கல். ஊரின் பெரிய பெருமை ஹிதா மாட்டிறைச்சி. தெருவுக்குத் தெரு அதுதான். எங்கள் வீட்டில் தொடுவதில்லை. அம்மா சுத்த சைவம். சூப் என்றால் மீன் சாறு இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். புத்த மடத்துச் சைவச் சாப்பாட்டை முன்பதிவு செய்து ஒருவேளை சாப்பிட்டோம். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. விலை கனம்தான், ஆனால் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்ட வேளை அது. காய்ந்த மக்னோலியா இலையில் மிசோவும் காளானும் வைத்துச் சிறு கரியடுப்பில் சுடும் ‘ஹோபா மிசோ’ இன்னொன்று. தம்பி அதற்குக் கூடுதலாகச் சோறு வாங்கினான். அரிசி உருண்டைக் குச்சியை அம்மா கடித்துவிட்டு, “இனிப்பே இல்லையே” என்றார். அந்த ஊரில் அதற்குச் சோயா மட்டும்தான் பூசுவார்கள்.

இரவு ஏழு மணிக்குத் தெருவில் ஆளே இல்லை. வானொலியில் நாலு வினாடி அமைதி விழுந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அங்கே ஓரக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். தம்பி மனைவிக்குச் சலித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் ஒசாக்காவைத்தான் சொல்வேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மியாகாவா ஆற்றோரக் காலைச் சந்தை. பசியாறாமலேயே அம்மா கிளம்பிவிட்டார். ஊறுகாய் விற்ற பாட்டி சிவப்பு முள்ளங்கி போன்ற ஒரு கிழங்கின் துண்டை நீட்டினார். அம்மா கிழங்கைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தார்.

“குளிர்ல ஆயாவுக்கும் கை இப்படித்தான் வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுக் கொழுந்து கிள்ளப் போவாங்க,” என்றார். ஆயாவின் கையைப் பற்றி எனக்கு இதுவரை சொன்னதே இல்லை. நான் மேலும் கேட்பதற்குள் விலை பேச ஆரம்பித்துவிட்டார், தமிழில். இரண்டு பொட்டலம் வாங்கினோம்.

அங்கிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம், ஷிராகாவா-கோ. 1995-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கிராமம். பனி வழுக்கி விழச் செங்குத்தான கூரை. அதன் கீழ்ப் பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஏணி போன்ற படியில் அம்மாவால் ஏற முடியவில்லை. கீழே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, புகையில் கறுத்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரவு ஒசாக்கா. தோதொன்போரியில் ஓடும் மனிதன் விளம்பரத்தின் கீழே தள்ளுமுள்ளு. தம்பி நாலு மணி நேரத்தில் ஏழு கடை ஏறினான். அம்மாவுக்கு ஒக்டோபஸ் உருண்டை ஆகாது. முட்டைகோஸ் தோசை மாவிலும் பெரும்பாலும் மீன் சாறு. ஓட்டல் அறையில் சோற்றுப் பொட்டலத்தைச் சூடாக்கி, சந்தையில் வாங்கிய ஊறுகாயோடு சாப்பிட்டார். அறை முழுக்க அதன் வாடை.

விமான நிலையத்தில் தம்பி கைப்பேசியில் அடுத்த ஆண்டு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தான். “ஒசாக்காவுக்கு மட்டும்தான். வர்றீங்களாம்மா?”

“பின்னால போற ரயிலு இருந்தா சொல்லு,” என்றார் அம்மா.