நாமும் நாங்களும்

தன்மைப் பன்மைக்கு இரு சொற்களைப் பேணிவரும் மொழி தமிழ். கேட்போனையும் தன்னோடு சேர்த்துக்கொள்பவன் 'நாம்' என்கின்றான். அவனை விலக்கி நிறுத்துபவன் 'நாங்கள்' என்கின்றான். முன்னதை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். சிங்களத்தின் 'அபி'க்கும் ஆங்கிலத்தின் 'வீ'க்கும் இப்பாகுபாடு இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலும் 'நாங்கள்' என்பதே பெரும்பாலும் இரண்டு பணியையும் செய்துவிடுகின்றது. மட்டக்களப்பிலோ 'நம்மட' என்ற சொல் இன்றும் உயிர்ப்புடன் வழங்குகின்றது. எழுத்துத் தமிழில் மட்டும் தப்புவதற்கு வழியில்லை. எழுதுபவன் இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும்.

கொழும்பிலே செய்தி நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் கடமையாற்றிய கலைப் பட்டதாரி இளைஞன் ஒருவனுக்கு இந்த இலக்கணம் நாளாந்தச் சிக்கலாயிற்று. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் செய்திகளைத் தமிழாக்குவது அவன் தொழில். கிரிக்கெற் போட்டியொன்றில் இலங்கை வென்றால் சிங்களச் செய்தி 'அபி' வென்றதாகக் கூறும். அவன் கைக்கு வந்து சேரும்போது அந்த 'அபி' செத்துவிடும். 'இலங்கை அணி வெற்றி' என்பதே தமிழில் வழங்கும் மரபு. தோற்றாலும் இலங்கை அணியே தோற்கும். வென்றவரும் தோற்றவரும் எங்கோ இருக்கும் படர்க்கையினர். இதனை நடுநிலை என்று கூறுவோர் உளர். அவனுக்கு அது நடுநிலையாகத் தோன்றவில்லை. படர்க்கைக்குள் ஒளிந்துகொள்ளுதல் என்றே தோன்றிற்று. அவ்வாறு ஒளிந்துகொள்வதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை என்பதையும் அவன் அறிவான். போர்க் காலத்துச் சிங்கள ஏடுகளைப் புரட்டியபோது, முதற்பக்கத்துப் படைவீரருக்கும் கடைசிப் பக்கத்துத் துடுப்பாட்டக்காரருக்கும் 'அபே' என்ற ஒரே அடைமொழி வழங்கப்பட்டிருந்ததை அவன் கண்டான். ஒரு பக்கத்தில் அச்சொல்லை ஏற்று மறுபக்கத்தில் அதனை மறுப்பது எங்ஙனம்?

பத்திரிகையின் பக்கச்சார்பு என்றதும் பொய்யுரைத்தலையே பலர் எண்ணுகின்றனர். பொய் அரிது, எளிதிற் பிடிபடுவது. ஒரு செய்திக்கு எத்தனை வரி, எந்தப் பக்கம், எச்சொல் என்பவற்றிலேதான் சார்பு குடியிருக்கின்றது. 2022 மே 18 ஆம் நாள் காலிமுகத்திடலில், அரசுக்கெதிராகக் கூடியிருந்தோர் நடுவே, முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டுக் கஞ்சி வழங்கப்பட்டது. தென்னிலங்கைத் தலைநகரின் நடுவில் அத்தகையதொன்று நிகழ்வது சாதாரணமன்று. மொழிபெயர்ப்புக்கென அவனிடம் வந்த செய்தியில் அது நான்கு வரிகளாக இருந்தது. நான்கிலும் பொய்யில்லை. எனினும் பழியெல்லாம் மறுமொழிக்காரரின் ஏடுகள்மீதே சுமத்தப்படுவதும் முறையன்று. இதற்கு அவனுடைய சொந்த வீடே சான்றாக இருந்தது.

அவனுடைய தந்தை கோப்பாயைச் சேர்ந்தவர். இளமையிற் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். 1982 பெப்ரவரி 17 இல் இலங்கை தனது முதலாவது டெஸ்ற் போட்டியை இங்கிலாந்துடன் ஆடியபோது பி. சரவணமுத்து மைதானத்திற்குச் சென்று பார்த்தவர். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. கிரிக்கெற் நிர்வாகி ஒருவரான தமிழரின் பெயரைத் தாங்குவது. அவ்விடத்தில் நின்று கைதட்டிய அவருக்கு அக்காலத்தில் எந்தச் சொல்லும் இடறவில்லை. மறுஆண்டு யூலையில் ஒரு கைப்பையுடன் ஊர் திரும்பினார். அதன் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளின் அணியே அவருக்குரிய அணியாயிற்று. அவரைப் போல அன்று வேறு அணிகளைத் தத்தெடுத்துக்கொண்ட தமிழ் இளைஞர்கள் பலர்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவர் மூன்று வயது மகனைத் தோளிற் சுமந்து மீசாலைக்குச் சென்றார். இரு மாதங்கள் கழியுமுன், டிசம்பர் 26 இல், மெல்போணில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவைகள் அறிவித்தார். வீடிழந்து பிறர் வளவிற் குந்தியிருந்த மனிதர், கண்டியிற் பிறந்த ஒருவனின் முழங்கைக்காக இரண்டு நாட்கள் கொதித்துக்கொண்டிருந்தாராம். விளையாட்டு இரசிகனின் மனத்தை அரசியலின் அளவுகோலால் அளப்பவர்கள் இவ்விடத்திற் சற்றுத் தடுமாறுவர்.

அவர் மிகுதியாகக் கூறும் கதை 1996 மார்ச் 17 ஆம் நாளைப் பற்றியது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்பது அக்காலத்து வழக்கம். சுற்றும் கை தளர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் தளர்ந்துவிடும். லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களைப் பெற்ற அந்த இரவில் அயலவர்கள் முறைவைத்துச் சுற்றினராம். அவுஸ்திரேலியாவை இலங்கை ஏழு விக்கெற்றுக்களால் வென்றபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவுமில்லை. மகன் இக்கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கின்றான்.

அக்கதையின் முன்னுரையாகத் தந்தை ஒன்று கூறுவார்: அந்தத் தொடரில் அவுஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் கொழும்புக்கு ஆடவர அஞ்சிவிட்டனர் என்பார். ஏன் அஞ்சினர் என்று கூறமாட்டார். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்துத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னர், நூலகத்துப் பழைய பத்திரிகைகளிலிருந்தே மகன் அறிந்தான். தந்தை பொய் கூறவில்லை. அவர் தந்தது நான்கு வரிச் செய்தியும் அன்று; அந்த ஒரு செய்தியே அவருடைய பதிப்பில் இல்லை. இடம்பெயர்ந்த ஒக்டோபர் 30 ஐ ஆண்டுதோறும் நினைவுகூர்பவர் அவர். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடக்கு முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அந்த நாளும் அவருடைய பதிப்பில் இல்லை.

முரளிதரனை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. 2010 யூலையில் காலியில் அவர் எண்ணூறாவது விக்கெற்றை வீழ்த்தியபோது தென்னிலங்கை ஏடுகள் அவரை நாட்டின் ஒருமைப்பாட்டுக்குச் சான்றாக நிறுத்தின. 2020 இல் அவரது வாழ்க்கையைப் படமாக்கும் செய்தி வந்ததும் தமிழகத்தில் அவர் இனத்துரோகியானார்; நடிகர் விஜய் சேதுபதி அப்படத்திலிருந்து விலகினார். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மலையகத் தமிழரின் வழியில் வந்தவர், 1977 வன்செயலில் தீக்கிரையான தொழிற்சாலையொன்றின் வீட்டுப் பிள்ளை என்பவற்றை எழுத இரு சாராருக்குமே இடம் போதவில்லை. இளைஞனின் மனைவி மாத்தளையைச் சேர்ந்தவள். 'எங்கட முரளி' என்று அவளுடைய வீட்டார் சொல்லும்போது அந்த 'எங்கட'வினுள் யாழ்ப்பாணத்து மருமகன் அடங்குவானா என்பது அவனுக்கு இன்றும் ஐயமே.

2022 ஆம் ஆண்டு அவள் கருவுற்றிருந்த மாதங்கள் நாட்டின் இருண்ட மாதங்கள். மார்ச் 31 இல் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனி வரிசைகள். அந்நிலையிலும் அவுஸ்திரேலிய அணி வந்து ஆடியது. யூன் 24 இல் கொழும்பில் இறுதி ஒருநாள் போட்டி நடந்தபோது இலங்கை இரசிகர் பலர் மஞ்சள் உடை தரித்துச் சென்று, எதிரணிக்கு நன்றி கூறினர். தோற்ற அணியின் மக்கள் வென்ற அணியின் நிறத்தை அணிந்துகொண்டு மகிழ்ந்ததை எந்தத் தன்மைப் பன்மையில் எழுதுவதென்று மொழிபெயர்ப்பாளன் அன்றிரவு நெடுநேரம் யோசித்தான். முடிவிற் படர்க்கையிலேயே எழுதினான்.

யூன் 27 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென்றாயிற்று. யூலை 8 இரவு மேல் மாகாணத்தில் பொலிஸ் ஊரடங்கு. அவ்விரவிலேதான் மனைவிக்கு நோவு கண்டது. வெள்ளவத்தையில் அயல்வீட்டுச் சிங்கள முச்சக்கர வண்டிக்காரர் போத்தலிற் சேமித்து வைத்திருந்த மூன்று லீற்றர் பெற்றோலை ஊற்றி அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்த்தார். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது, "அபே பபா" என்றாராம். அச்சொல்லை எவரும் அவனிடம் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

விடியற்காலையிற் பெண் குழந்தை பிறந்தது. பகலில் கரையோரப் பாதையில் வந்த புகையிரதங்களின் கூரைமீதும் மனிதர் இருந்தனர். சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். 1996 இன் வீரரும், பின்னர் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான சனத் ஜயசூரிய அன்று வீதியில் நின்றோருள் ஒருவர். காலியில் அதே நாளில் டெஸ்ற் போட்டியின் இரண்டாம் நாள் ஆட்டம்; மைதானத்திற்கு வெளியேயும் கோட்டை மதிலின் மேலும் ஆர்ப்பாட்டக்காரர்; உள்ளே பந்தும் துடுப்பும். விடுதியின் தாழ்வாரத்திலிருந்த தொலைக்காட்சியை ஒருவர் மாளிகைக்கும் மற்றொருவர் காலிக்குமாக மாற்றிக்கொண்டிருந்தனர். புதிய தந்தைக்கு இரண்டுமே மங்கலாகத் தெரிந்தன. உறங்காத மனிதனின் கண்களுக்கு வரலாறும் ஓர் இரைச்சல்தான். குழந்தையின் விரல் நகங்கள் எவ்வளவு சிறியவை என்பதே அவன் அன்று முழுமையாகக் கண்டுகொண்ட செய்தி.

யூலை 11 ஆம் நாள் மாலை அவன் வீட்டிலிருந்தவாறே வேலை செய்தான். தனியார் துறையில் தந்தையருக்கெனச் சட்டபூர்வமான விடுமுறை ஏதுமில்லை. மேசையில் குழந்தையின் பிறப்பு விபரப் படிவம் கிடந்தது. அதில் தந்தையின் இனம், தாயின் இனம் எனத் தனித்தனி இடங்கள். அவனுக்கு 'இலங்கைத் தமிழர்', அவளுக்கு 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவதே வழமை. மாத்தளைக்கு அப்பால் ஓர் ஊரையும் கண்டறியாதவர் அவளுடைய பாட்டனார். பிள்ளையைத் தோளிற் கிடத்தி ஒரு கையால் அவன் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டிருக்கையிற் காலிச் செய்தி வந்தது. தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காது 206. முதலாவது டெஸ்ற் ஆடிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பிரபாத் ஜயசூரிய இரு இன்னிங்ஸ்களிலுமாகப் பன்னிரண்டு விக்கெற்றுக்கள். அவுஸ்திரேலியாவுக்கு இன்னிங்ஸாலும் 39 ஓட்டங்களாலும் தோல்வி. சிங்களத் தலைப்பில் வழக்கம்போல் 'அபி'. அவன் முதன்முறையாக, 'காலியில் நம் அணிக்கு இன்னிங்ஸ் வெற்றி' என்று எழுதி அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் ஆசிரியர் பீடத்து மூத்தவர் அழைத்தார்.

"தம்பி, இது எந்த 'நம்'?"

அவனிடம் மறுமொழி இருக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை, சிரித்துவிட்டு, 'இலங்கை அணி' என்று மாற்றி வெளியிட்டார். மாற்றப்பட்டது அவனுக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

மூத்தவருக்குக் கூறவேண்டியிராத மறுமொழியை மூன்று நாள் வயதான மகளுக்கு ஒருநாள் கூறவேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு முதற் பத்திரிகை தகப்பன்தான். எந்தச் செய்தி முதற்பக்கம், எது நான்கு வரி, எது அச்சேறாதது என்பதை அவனே தீர்மானிப்பான். மீசாலையின் டைனமோவை அவன் கட்டாயம் கூறுவான்; மூன்று லீற்றர் பெற்றோலையும் கூறுவான். மத்திய வங்கியை எந்த வயதிற் கூறுவது? முள்ளிவாய்க்காலை எந்த வயதில்? கூறாது விட்டால் அவளும் ஒரு நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்து, தகப்பனின் பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்ப்பாள்.

அன்றிரவு கோப்பாயிலிருந்து தந்தை தொலைபேசியில் அழைத்தார். பேத்தியைப் பற்றிக் கேட்குமுன் ஆட்டத்தைப் பற்றியே பேசினார்.

"உவன் பிரபாத்தின்ரை கையைப் பாத்தனியே? சோனகதெருவிலை ஒரு தையற்கார நானா இருந்தவர், தம்பி. அவரும் இடக்கை. உப்பிடித்தான், பந்து நிலத்திலை பட்டு நிண்டு திரும்பும். எங்களோடை எத்தினை மாட்ச் விளையாடினவர்."

"இப்ப எங்கை அப்பா இருக்கிறார்?"

மறுமுனையிற் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்றே மகன் எண்ணினான்.

"தொண்ணூறிலை போனவை. இரண்டு மணித்தியாலந்தான் குடுத்தவங்கள். நான் அண்டைக்கு ரவுணுக்குப் போயிருந்தனான். சந்தியிலை நிண்டனான். அவர் பெண்சாதி பிள்ளையளோடை நடந்து போனவர். என்னைக் கண்டவர். நான் ஒண்டும் கதைக்கேல்லை."

மகன் இடைமறிக்கவில்லை.

"என்ரை வெள்ளைக் காற்சட்டை ஒண்டு தைக்கக் குடுத்தது அவரிட்டைத்தான் இருந்தது" என்றார் தந்தை. பின்னர், பிள்ளை என்ன நிறை என்று கேட்டார். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று மகன் கூறினான்.