இடப்பக்கத்து மரை

எங்கள் தந்தையார் 1968-இல் தில்லிக்கு வேலை ஏற்று வந்தபோது, அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் மிதிவண்டியும் ரயிலின் சரக்குப் பெட்டியில் உடன் வந்தது. கரோல்பாகில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக அமைந்த வாடகை வீடு, ஒரே ஊதியம். பேருந்துக் கட்டணம் மிச்சமானால்தான் எங்கள் நோட்டுப் புத்தகச் செலவு நடக்கும். எனவே அந்த வண்டி நின்றால் வீடே நின்றது போலாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், பழைய செய்தித்தாள்களை விரித்து அதனைப் பிரித்துப் போடுவார். அதற்குரிய கருவிகள் யாவும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் அடங்கின. பல அளவுத் துளைகள் கொண்ட சைக்கிள் ஸ்பானர் ஒன்று; கோன் பிடிக்க மெல்லிய ஸ்பானர் இரண்டு; பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பானர், திருப்புளி, குறடு, சுத்தியல், மரக்கட்டை, டயர் நெம்பும் பட்டைகள், ஆரக்கம்பிகளை முறுக்கும் சாவி. இவற்றோடு ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், சிறிது கிரீஸ். அவ்வளவே.

காட்டர் பின்னைக் கழற்றுவதில்தான் அவருடைய கைத்திறம் தெரியும். நட்டை முற்றும் எடுத்துவிடாமல் பின்னின் முனைக்குச் சமமாக நிறுத்துவார். கிராங்கிற்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி அடிப்பார். தயங்கித் தயங்கித் தட்டினால் பின் வளையும், மரை நசுங்கும். பால்ரஸ்களைக் கழுவி எண்ணுவது சகோதரர்களாகிய எங்கள் இருவரின் பணி. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து. எண்ணிக்கை குறைந்தால், கிடைக்கும்வரை எவரும் எழக்கூடாது.

1974 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, அவர் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து வியக்கவைக்க எண்ணினோம். வலப்பக்கப் பெடல் எளிதில் வந்தது. இடப்பக்கம் அசையவில்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து அழுத்தினோம். ஏதோ நெரிந்த ஓசை கேட்டது. எங்கள் வலிமையை நாங்களே மெச்சிக்கொண்டோம். கிராங்கின் மரை முற்றும் அழிந்திருந்தது.

வந்து பார்த்த தந்தையார், “எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?” என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் கழித்து, “இதை உங்களிடம் ஒருநாளும் தந்ததில்லையே” என்றார். சம்பள நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் விடியற்பனியில் நடந்தே அலுவலகம் சென்றார். அவருடைய காலடியோசை படியிறங்கும்போது நாங்கள் விழித்திருந்தும் உறங்குவதாய்க் கிடந்தோம்.

சம்பளம் வந்ததும் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்கு எங்களை அழைத்துச் சென்றார். உடைந்த கிராங்கைப் பார்த்த மிஸ்திரி, “உல்ட்டி சூடி” என்று சிரித்தார். சூடி என்றால் வளையல் என்றே அறிந்திருந்த நாங்கள், அம்மாவின் வளையலுக்கும் பெடலுக்கும் என்ன உறவென்று விழித்தோம். “மரையைச் சொல்கிறார். இடப்பக்கத்துக்கு எதிர்மரை, மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள்” என்றார் தந்தையார். பிறகு ஒரு வழியும் காட்டினார்: ஸ்பானரைப் பெடலின் அச்சில் செங்குத்தாய் நிறுத்திப் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால், எந்தப் பக்கத்துப் பெடலும் கழலும்.

அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. தகரப் பெட்டி எங்களிடம் இருக்கிறது. பேரனின் கியர் வண்டியில் காட்டர் பின் இல்லை. பெரும்பாலும் ஆலன் சாவிகளே போதுகின்றன. ஆனால் இடப்பக்கப் பெடல் இன்றும் எதிர்மரைதான். சென்ற மாதம் அவன் அதைத் தவறான பக்கம் அழுத்திக்கொண்டிருந்தான். தடுத்து, “எதிர்மரை” என்றோம். “மரை என்றால் என்ன, தாத்தா?” என்றான்.

கருவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அருகில் அமர்ந்தோம்.