லாங் எட்டு பைட் என்று பொய் சொன்னேன்

கிராஸ் கம்பைல் சிக்கல் எது வந்தாலும் எங்கள் அணியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணன்கிட்ட ஒரு ஃபைல் இருக்கு, அதைப் போட்டா ஓடிடும்" என்று பேர். அந்த ஃபைலைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

ஒரு மென்பொருளை பில்டு செய்யும் முன் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் கம்பைலரைச் சோதித்துப் பார்க்கும். குட்டிக் குட்டி சி நிரல்களை எழுதிக் கம்பைல் செய்யும், சிலவற்றை ஓட்டியும் பார்க்கும். மேசையில் இருப்பது இன்டெல் கணினி, மென்பொருள் போகப்போவது 32 பிட் ஆர்ம் போர்டுக்கு என்றால் இங்கே ஓட்டிப் பார்க்க வழியில்லை. சில கேள்விகளுக்கு ஸ்கிரிப்ட் தானே ஊகித்துக்கொள்ளும்.

அந்த ஊகம் சில சமயம் கழுத்தை அறுக்கும். நினைவகம் ஒதுக்கும் மாலாக்கிடம் பூஜ்ய பைட் கேட்டால் முகவரி தருமா என்பதை ஓட்டிப் பார்க்க முடியாமல், கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃபின் பழைய பதிப்பு "தராது" என்று முடிவு கட்டிவிடும். நிரலில் உள்ள மாலாக்கையெல்லாம் ஆர்பிஎல்_மாலாக் என்று மாற்றிவிடும். அப்படி ஒன்று எங்கேயும் இல்லை என்று லிங்கர் கத்தும். போர்டில் இருப்பது ஜிலிப்சி என்ற சி நூலகம் என்றால், பதில் 'யெஸ்' என்று, ஸ்கிரிப்டுக்கு முன்கூட்டியே விடை தரும் சைட் ஃபைலில் நாமே எழுதிக் கொடுப்பது நியாயமான வழிதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ருசி கண்ட பூனையாகிவிட்டேன். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் எழுதச் சோம்பல்பட்டு, என் லேப்டாப்பிலேயே அந்த மென்பொருளை ஒருமுறை பில்டு செய்து, கிடைத்த பதில்களை மொத்தமாக அள்ளி ஃபைலில் ஒட்டினேன். "லாங் 8 பைட்" என்ற வரியும் கூடவே வந்தது. என் 64 பிட் லினக்ஸில் அது உண்மை. 32 பிட் ஆர்மில் லாங் 4 பைட்தான்.

அந்தக் கேள்விக்கு என் பதிலே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் இதில் கேவலம். எதையும் ஓட்டாமலேயே அளவைக் கண்டுபிடிக்க ஆட்டோகான்ஃப் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. ஊகித்த அளவு தப்பென்றால் நீளம் மைனஸ் ஒன்றாகிவிடும்படி ஒரு அரேயை அறிவிக்கும். தப்பான ஊகத்துக்குக் கம்பைல் தோற்கும், அடுத்த எண்ணைப் பார்க்கும். கம்பைலரின் வாயிலிருந்தே விடையை வாங்கும் அழகான வேலை. ஆனால் பதில் முன்கூட்டியே எழுதியிருந்தால் ஸ்கிரிப்ட் கேட்கவே கேட்காது. நான் எழுதி வைத்திருந்தேன்.

பில்டு ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. உள்ளே இருந்த பழைய நூலகம் ஒன்று, லாங் 8 பைட் என்றால் அதையே 64 பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். பைட்டுகளை எண்ணும் கவுண்டர் அதில்தான் இருந்தது. அலுவலகச் சோதனையில் அது 2 ஜிபியை எட்டவேயில்லை. வாடிக்கையாளர் இடத்தில் எட்டியது. 2147483647-ஐத் தாண்டியதும் மைனஸில் போய் விழுந்தது.

தப்பு யாருக்கும் வரும். நான் செய்த அநியாயம் அதற்குப் பிறகுதான். இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் போர்டின் சென்சார் டிரைவர் மீது பழியைப் போட்டேன். அதை எழுதிய பையன் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; தன் நிரலில் இல்லாத பிழையை ராத்திரியெல்லாம் தேடினான். காரணம் எனக்குப் பிடிபட்டதும் அந்த வரியை நீக்கி, கமிட்டில் "சிறு திருத்தங்கள்" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். தம்பி, உன் டிரைவரில் பிழை எதுவும் இல்லை.

அந்த ஃபைலின் பழைய பிரதிகள் இன்னும் பலரிடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் இருந்தால் திறந்து பாருங்கள். எந்த போர்டுக்காக, ஏன் என்று உங்களால் காரணம் சொல்ல முடியாத வரிகளையெல்லாம் அழித்துவிடுங்கள்.